எண்ணப்படுகிறோம், அறியப்படுகிறோமா?

திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியை வாசிக்கிறோம். எருசலேமில் தொடக்கத் திருச்சபை தன் கைம்பெண்களுக்கு நாள்தோறும் உதவி பகிர்ந்து வந்தது. அந்தப் பகிர்வில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர்களை யாரும் வேண்டுமென்றே ஒதுக்கியதாக நூல் சொல்லவில்லை. ஆனால் மொழி வேறாக இருந்ததால், பெரும்பான்மையின் கண்ணில் அவர்கள் படாமல் போனார்கள். திருத்தூதர்கள் அந்த முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

கூட்டத்தில் இருப்பது ஒன்று, கணக்கில் இருப்பது இன்னொன்று. கணக்கில் வராதவர் பகிர்விலும் வராமல் போகிறார். இந்த உண்மையை மனத்தில் கொண்டு, நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழியும் பண்பாடும் எப்படி எண்ணாக மாறுகின்றன என்பதை, நமக்கு மிக அருகில் உள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை வைத்துச் சற்றே சிந்திப்போம். 2011க்குப் பிறகு நடைபெறும் முதல் கணக்கெடுப்புக்கு அறிவிப்பு வெளியாகியுள்ள இந்தக் காலத்தில், இது வெறும் பொது அறிவுக்கான செய்தி அன்று. நம் வீட்டு வாசலுக்கு வரும் கேள்வி இது.

நம் மண்ணின் பன்மை

வில்லியனூர், பாகூர் என்றவுடன் பலருக்கும் வயலும் ஏரியும் நினைவுக்கு வரும். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் புதுச்சேரிப் பகுதியின் இரண்டு பெரிய ஏரிகள். இவை தமிழ் பேசும் சிற்றூர்கள்தானே, இங்கே என்ன பன்மை இருக்கப்போகிறது என்று நாம் எண்ணக்கூடும். சற்று நிதானமாகப் பார்த்தால் அப்படி இல்லை என்பது புரியும்.

பாகூரின் பழமையே இரு மொழிகளில் எழுதப்பட்டது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கின்றன. அந்தச் செப்பேடுகளில் வடமொழியும் தமிழும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன.

வில்லியனூரில் 1877இல் உருவான நம் தூய லூர்து அன்னை திருத்தலம் இருக்கிறது. பல சமயத்தவரும் அந்தக் குளக்கரையில் வந்து செபிப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதே ஊரில் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் தொட்டு இழுக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் அதைத் தொடர்கிறார். பக்கத்திலேயே சுல்தான்பேட்டையில் இஸ்லாமியக் குடும்பங்கள் வாழ்கின்றன.

நாம் அன்றாடம் சொல்லும் 'கொம்யூன்' என்ற சொல்லே பிரெஞ்சுச் சொல். ஓய்வூதியம் பெறும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரரை இன்றும் நம் ஊரில் 'சொல்தா' என்றே சொல்கிறோம். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான், 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். அந்த எட்டுப் பேரின் வாக்கும் எண்ணப்பட்டு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இவற்றோடு தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள், ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் உழைக்கும் இருளர் குடும்பங்கள், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வடநாட்டிலிருந்து வந்துள்ள இளைஞர்கள் என்று நம் அயலார் பலவகைப்பட்டவர்கள். இவர்கள் எல்லாரும் புள்ளிவிவரத்தில் எப்படித் தெரிகிறார்கள்?

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. இவர்களில் புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேரும், காரைக்காலில் 2,00,222 பேரும், ஏனாமில் 55,626 பேரும், மாகியில் 41,816 பேரும் இருந்தார்கள். தாய்மொழி என்று பார்த்தால் சுமார் 88 விழுக்காட்டினர் தமிழ், 6 விழுக்காட்டினர் தெலுங்கு, 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவர்கள் மலையாளம்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் நம்மில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: 'தெலுங்கு என்றால் ஏனாம், மலையாளம் என்றால் மாகி. மற்ற இடமெல்லாம் தமிழ்தான்.' கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறக்குறைய 74 ஆயிரம் பேர். ஏனாமின் மொத்த மக்கள்தொகையே 55,626தான். ஏனாமில் பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை அத்தனை பேரும் தெலுங்கர் என்றே வைத்துக்கொண்டாலும், 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெலுங்கர்கள் ஏனாமுக்கு வெளியே, அதாவது பெரும்பாலும் நம்மிடையே வாழ்கிறார்கள் என்று ஆகிறது. மலையாளத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், குறைந்தது 6 ஆயிரம் பேராவது மாகிக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஒரு விழுக்காட்டை அப்படியே படித்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. இரண்டு எண்களை அருகருகே வைத்துப் படித்தால் நம் பக்கத்து வீட்டார் தெரிகிறார்கள். புள்ளிவிவரத்தைப் படிக்கும் முதல் பாடம் இதுதான்.

இரண்டாம் பாடம், எந்த அளவில் எது வெளியிடப்படுகிறது என்பது. ஊர்வாரியான அடிப்படை அட்டவணையில் ஓர் ஊரின் மக்கள்தொகை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர், வேலை செய்வோர் ஆகிய விவரங்கள் இருக்கும். மொழியும் சமயமும் அதில் இருக்காது. ஆகவே குருவிநத்தத்திலோ கூடப்பாக்கத்திலோ எத்தனை மொழிகள் பேசப்படுகின்றன என்று அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே வாழும் மனிதர்களிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பதில் எண்ணாக மாறும் வழி

கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே அவரது தாய்மொழி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்திருந்தால், சிறுவயதில் அந்த வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. ஒரு குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே தாய்மொழிதான் இருக்கும் என்று கணக்கெடுப்பாளர் தாமாகவே முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்டு எழுத வேண்டும். 2011 படிவத்தில் இது 10ஆவது கேள்வியாக இருந்தது. அதற்கடுத்த கேள்வியில், தாய்மொழி தவிரத் தெரிந்த மொழிகள் இரண்டு வரை பதிவு செய்யப்பட்டன.

கிருமாம்பாக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டி தெலுங்கு பேசுபவர். அவர் மகன் தமிழ் பேசும் பெண்ணை மணந்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். விளக்கத்தின்படி பாட்டிக்கும் மகனுக்கும் தாய்மொழி தெலுங்கு. மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ். ஒரே கூரையின் கீழ் இரண்டு தாய்மொழிகள். கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் மருமகள் மட்டும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'என்ன பாஷைம்மா?' 'தமிழ்தான் சார்.' ஐந்து பேருக்கும் தமிழ் என்று எழுதப்பட்டுவிட்டால் தவறு யாருடையது? பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு முதியவளின் மொழி அந்த வீட்டிலிருந்து காகிதத்தில் மறைந்துவிட்டது.

இது முதல் படிதான். பதில்கள் தொகுக்கப்படும்போது அடுத்த படி வருகிறது. 2011இல் நாடு முழுவதும் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஒரே மொழி பல பெயர்களிலும் பல எழுத்துக்கூட்டல்களிலும் வந்திருக்கும் அல்லவா? மொழியியல் முறைப்படி அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தினார்கள். வகைப்படுத்த முடியாத 1,474 பெயர்கள் 'மற்றவை' என்று ஒதுக்கப்பட்டன. பிறகு 10 ஆயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளை மட்டும் எடுத்து 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். அவற்றில் 22 மொழிகள் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை. 99 அதில் இல்லாதவை. 1961 கணக்கெடுப்பில் 1,652 தாய்மொழிகள் பட்டியலிடப்பட்டிருந்தன. 10 ஆயிரம் என்ற எல்லை 1971இலிருந்து பின்பற்றப்படுகிறது.

தொகுப்பதில் குற்றம் இல்லை. தொகுக்காமல் கோடிக்கணக்கான பதில்களை யாராலும் படிக்க முடியாது. ஆனால் தொகுப்பு எதை மறைக்கிறது என்று தெரிந்து படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2011இல் இந்தி மொழியினர் என்று வெளியான எண் சுமார் 52.8 கோடி. அவர்களில் தங்கள் தாய்மொழி இந்தி என்றே கூறியவர்கள் ஏறத்தாழ 32.2 கோடிதான். மற்றவர்கள் போஜ்புரி, ராஜஸ்தானி போன்ற பெயர்களைச் சொன்னவர்கள். போஜ்புரி என்று சொன்னவர்கள் மட்டுமே 5 கோடிக்கு மேல். சேதராப்பட்டில் வேலை செய்யும் பீகார் இளைஞரை நாம் 'இந்திக்காரர்' என்கிறோம். அவர் தன் தாயிடம் அலைபேசியில் பேசுவது போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். மைதிலி இந்தியின் கிளை என்று முன்பு கருதப்பட்டது. 2003இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் தனிமொழியாக இடம்பெற்றது. மக்கள் மாறவில்லை, பெட்டியின் பெயர்தான் மாறியது.

தமிழும் இதற்கு விலக்கு அன்று. 2011இல் சுமார் 6.9 கோடிப் பேர் தமிழர் என்று படிக்கிறோம். அந்தத் தொகைக்குள் இருளர் மொழி, கைக்காடி, எருகுலா போன்ற தாய்மொழிகளைக் கூறியவர்களும் சேர்க்கப்பட்டுள்ளார்கள். நம் பகுதியில் இன்னும் சில குடும்பங்களில் ஒலிக்கும் பிரெஞ்சு மொழியோ 121 மொழிகளின் பட்டியலிலேயே இல்லை. நாட்டளவில் 10 ஆயிரம் பேர் என்ற எல்லையை அது எட்டவில்லை. ஆகவே அது 'மற்றவை' என்பதற்குள் அடங்கிவிட்டது.

பூஜ்யம் என்ற எண்

இதுவரை நாம் பார்த்தது மொழியைப் பற்றி. இப்போது இன்னும் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பு அட்டவணைகளில் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியினர் எண்ணிக்கை என்ன தெரியுமா? பூஜ்யம். அப்படியானால் அன்று இங்கே பழங்குடி மக்கள் வாழவில்லையா? வாழ்ந்தார்கள். பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளில் மீன் பிடித்தும், சூளையில் கல் அறுத்தும், வயலில் எலி பிடித்தும், காவல் வேலை பார்த்தும் பிழைத்த இருளர் குடும்பங்களை நம் ஊரார் அனைவரும் அறிவார்கள். தமிழ்நாட்டில் இருளர் பட்டியல் பழங்குடியினர். ஆனால் புதுச்சேரிக்கென்று எந்தச் சமூகமும் பழங்குடியாக அறிவிக்கப்படாததால், இங்கே அந்தக் கட்டத்தில் யாரையும் எழுத முடியவில்லை. பாகூர்ப் பகுதியின் ஊர்கள் கடலூர் மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. ஒரு வரப்பைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். வரப்பின் அந்தப் பக்கம் இருந்த உறவினர் பழங்குடி. இந்தப் பக்கம் இருந்தவர் கணக்கில் பழங்குடி அல்லர்.

2016இல்தான் வில்லி, வேட்டைக்காரன் ஆகிய பெயர்களால் அழைக்கப்படுவோரையும் உள்ளடக்கி, இருளர் சமூகம் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் அந்தப் பெயரால் எண்ணப்பட வேண்டுமானால் அடுத்த கணக்கெடுப்பு வரவேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு, கொரோனா பெருந்தொற்றைத் தொடர்ந்து தள்ளிப்போனது. ஆகவே இவர்களைப் பொறுத்தவரை அந்தப் பூஜ்யம் இவ்வளவு ஆண்டுகளாக அப்படியே நீடித்தது.

பூஜ்யம் என்று எழுதப்பட்டிருந்தால் 'யாரும் இல்லை' என்று பொருள் கொள்வது நம் வழக்கம். சில இடங்களில் அதன் பொருள் 'கேட்க இடம் இல்லை' என்பதாகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஒரு குழந்தையின் சாதிச் சான்றிதழும், கல்வி உதவித்தொகையும், வீட்டு மனைப் பட்டாவும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எருசலேமில் பந்தியில் விடுபட்ட கைம்பெண்களை இங்கே நாம் நினைத்துப் பார்க்கலாம்.

கிறிஸ்தவர் என்ற ஒரே சொல்

நம்மைப் பற்றிய கணக்கையும் பார்ப்போம். 2011இல் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இந்துக்கள் 87.3 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.3 விழுக்காடு, இஸ்லாமியர் 6 விழுக்காடு. கிறிஸ்தவர் எண்ணிக்கை 78,550. இதில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று இந்த எண் சொல்லாது. மேலும் இதில் மாகி, ஏனாம் கிறிஸ்தவர்களும் அடக்கம். நம் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லையோ வேறு. புதுச்சேரி, காரைக்காலோடு தமிழகத்தின் கடலூர், விழுப்புரம் பகுதிகளும் அதில் அடங்கும். எனவே மறைமாவட்டக் கையேட்டில் உள்ள எண்ணையும் அரசின் எண்ணையும் ஒப்பிட்டு, 'இவ்வளவு பேர் குறைந்துவிட்டார்கள்', 'இவ்வளவு பேர் கூடிவிட்டார்கள்' என்று சொல்வது பொருந்தாது. எல்லை வேறானால் எண்ணும் வேறுதான்.

இதைவிட வேதனையான ஒன்று உண்டு. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர் என்ற தகுதி தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. புதுச்சேரிக்கென 1964இல் தனி ஆணை வந்தது. கிறிஸ்தவர்களுக்கு இத்தகுதி எங்கும் இல்லை. 2011இல் புதுச்சேரி மக்களில் 15.7 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று கணக்குச் சொல்கிறது. அதே தெருவில் வாழும், அதே வேலை செய்யும், அதே புறக்கணிப்பை அனுபவிக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பம் இந்த எண்ணுக்குள் வராது. அந்தக் குடும்பம் 'கிறிஸ்தவர்' என்ற கட்டத்தில் இருக்கும். அதன் இன்னொரு பாதி எந்தக் கட்டத்திலும் இருக்காது. மதம் மாறியவர்களுக்கு இத்தகுதி வழங்குவது பற்றி ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் 2022இல் அமைக்கப்பட்டது.

நம் பங்குகளிலும் இந்தக் குறை இல்லாமல் இல்லை. திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவேடுகளோடு பங்கின் குடும்பங்களைப் பதிவு செய்யும் வழக்கமும் திருச்சபையில் அரசுகளின் கணக்கெடுப்புகளுக்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் நம் குடும்பப் பதிவேட்டில் வெளிமாநிலத் தொழிலாளரான கத்தோலிக்கர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகும் அந்த இளைஞரிடம், 'தம்பி, உங்க ஊர் எது? வீட்டுல என்ன மொழி பேசுவீங்க?' என்று நாம் கேட்டதுண்டா?

கடல் கடந்தும் இதே கேள்வி

ஒவ்வொரு நாடும் தனக்குரிய கேள்விகளைக் கேட்கிறது. கேட்கும் கேள்விக்கு ஏற்பத்தான் மக்கள் தெரிகிறார்கள்.

நம் உறவினர் பலர் வாழும் பிரான்சை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் கணக்கெடுப்பில் 1872க்குப் பிறகு சமயம் கேட்கப்படுவதில்லை. இனமும் கேட்கப்படுவதில்லை. பிறந்த நாடும் குடியுரிமையும் கேட்கப்படுகின்றன. எல்லாரும் சமமான குடிமக்கள், அவர்களைப் பிரித்து எண்ணக்கூடாது என்பது அவர்களின் கொள்கை. அதற்கு ஒரு நன்மை உண்டு. ஆனால் அங்கே பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, வீட்டில் தமிழ் பேசும் ஒரு வில்லியனூர்க் குடும்பத்தின் பேத்தியை அந்தக் கணக்கு தமிழர் என்று காட்டாது.

இலங்கையில் நிலைமை நேர்மாறு. அங்கே இனவாரியாக எண்ணுகிறார்கள். 2012 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் சுமார் 11 விழுக்காடு, இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 4 விழுக்காடு, சோனகர் சுமார் 9 விழுக்காடு. இம்மூன்று பிரிவினரிலும் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். ஒரே மொழி, மூன்று கட்டங்கள். மறுபுறம் நீர்கொழும்பு, சிலாபம் கடற்கரையில் முன்பு தமிழ் பேசி வந்த கத்தோலிக்க மீனவர் பலர், 20ஆம் நூற்றாண்டில் பள்ளியும் வழிபாடும் சிங்களத்துக்கு மாறியபோது சிங்களவராகவே ஆகிவிட்டார்கள். விசுவாசம் மாறவில்லை, செபமாலை மாறவில்லை. செபிக்கும் மொழியும், கணக்கில் அவர்கள் நிற்கும் கட்டமும் மாறிவிட்டன.

எண்ணாமல் விட்டால் மறைகிறார்கள். எண்ணிப் பிரித்தால் பிளவு வருமோ என்ற அச்சமும் இருக்கிறது. இரண்டு ஆபத்துகளும் உண்மையானவையே. ஆனால் எண்ணுவதை விட்டுவிடுவது இதற்குத் தீர்வாகாது. எண் யாருக்காக, எதற்காக என்பதில் நேர்மையாக இருப்பதுதான் தீர்வு.

எண்கள் எதற்குப் பயன்படுகின்றன?

நம் அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. ஒரு பள்ளியில் 40 மாணவர்கள் அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர்கள் அம்மொழியினராக இருந்தால் ஆசிரியர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை அளவுகோல். ஒரு பகுதியில் 15 விழுக்காட்டினர் ஒரு மொழியினராக இருந்தால், முக்கிய அரசு அறிவிப்புகளை அம்மொழியிலும் தர வேண்டும் என்பது 1961இல் முதலமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட அளவு. 10, 40, 15 என்ற இந்தச் சிறிய எண்களை எட்ட வேண்டுமானால், முதலில் நம் வாசலில் நாம் சொன்ன பதில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் கல்வி நிறுவனங்களுக்கு அடிப்படையான 30ஆவது பிரிவும் சிறுபான்மை என்ற சொல்லைச் சார்ந்தே நிற்கிறது. மொழிச் சிறுபான்மையோ சமயச் சிறுபான்மையோ மாநில அளவில்தான் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. நம் உரிமைக்காக எண்ணைக் காட்டும் நாம், நம்மைவிடச் சிறிய எண்ணாக இருப்பவர்களுக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாம் செய்யக்கூடியவை

2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடத்தப்படும் என்று 2025 ஜூன் 16 அன்று அரசிதழில் அறிவிப்பு வெளியானது. முதலில் வீடுகளைப் பட்டியலிடுவதும், பிறகு மக்களை எண்ணுவதுமாக இது இரு கட்டங்களைக் கொண்டது. இம்முறை எல்லாருடைய சாதியும் பதிவாகும் என்றும் அரசு அறிவித்துள்ளது. கணக்கெடுப்பில் நாம் கூறும் தனிப்பட்ட விவரங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை. ஆகவே அச்சமின்றிப் பதில் சொல்லலாம். சில எளிய காரியங்களை நாம் மனத்தில் கொள்வோம்.

முதலாவது, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தாய்மொழியையும் முன்கூட்டியே பேசித் தெரிந்துகொள்வோம். பாட்டியின் மொழி எது என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அந்த உரையாடலே ஒரு நல்ல குடும்பச் செபத்துக்கு முன்னுரையாக அமையும்.

இரண்டாவது, கௌரவத்துக்காகவோ கூச்சத்துக்காகவோ மொழியை மாற்றிச் சொல்ல வேண்டாம். இருளர் மொழி என்றால் இருளர் மொழி. போஜ்புரி என்றால் போஜ்புரி. அதை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது என்பது அறிஞர்களின் வேலை. உண்மையைச் சொல்வது நம் வேலை. நமக்குத் தெரிந்த பிற மொழிகள் கேட்கப்பட்டால் அவற்றையும் சொல்வோம்.

மூன்றாவது, நமக்கு அருகில் வாழும் இருளர் குடும்பங்களுக்கும், தொழிற்பேட்டை ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்களுக்கும் கணக்கெடுப்பைப் பற்றி எடுத்துச் சொல்வோம். கணக்கெடுப்பாளர் அவர்கள் இருப்பிடம் வரை வந்தாரா என்று கேட்டறிவோம். நம் பங்குகளின் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், இளைஞர் இயக்கத்தினரும் இதை எளிதாகச் செய்யலாம். அவர்கள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்பிப்பது நம் பணி அன்று. அவர்களிடமும் கேள்வி கேட்கப்படுவதை உறுதி செய்வதே நம் பணி.

நான்காவது, கணக்கு வெளியாகும்போது அதை ஆயுதமாகப் பயன்படுத்தாமல் இருப்போம். 'அவர்கள் பெருகிவிட்டார்கள்', 'நாம் குறைந்துவிட்டோம்' என்று பேசுவதற்கு முன், எந்தக் கேள்விக்கு, எந்த எல்லைக்குள், யாரைச் சேர்த்து, யாரை விட்டு இந்த எண் வந்தது என்று கேட்போம்.

லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவரின் பிறப்பே ஒரு கணக்கெடுப்பின் நடுவில் நிகழ்கிறது. பேரரசர் அகுஸ்து ஆணையிட, யோசேப்பும் மரியாவும் பெயரைப் பதிவு செய்யப் பெத்லகேமுக்குப் போனார்கள். பேரரசின் ஏட்டில் அவர்கள் இரண்டு பெயர்கள். தங்க இடமில்லை என்பதை எழுத அந்த ஏட்டில் கட்டம் இருந்திருக்காது.

அதே லூக்கா எழுதிய திருத்தூதர் பணிகள் நூலில், பெந்தக்கோஸ்து நாளன்று ஏறத்தாழ மூவாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றதாக ஓர் எண் வருகிறது. ஆனால் அந்த எண்ணுக்கு முன்பே, பார்த்தர் முதல் அரேபியர் வரை அங்கே நின்றவர்களை ஊர் ஊராக, இனம் இனமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டார்கள் என்கிறார். பெயர்கள் முதலில், எண் பிறகு. நம் ஊரையும் நம் பங்கையும் எண்ணும்போது இந்த வரிசையை மறவாதிருப்போம்.